மச்சானுக்கு நான் கீறிக் கொடுத்த கோடு

கன நாளாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்த விசயம் இது. எழுதினால் என் மடைத்தனத்தை நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும். பரவாயில்லை. வளைகுடாவில் இருந்து ஊருக்குக் காசு அனுப்புகிற ஆராவது ஒருவருக்குப் பயன்பட்டால் போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்தவன் நான். சோதனைக்குக் கல்குலேற்றர் கொண்டுபோக முடியாது, மடக்கை அட்டவணைதான். விட்டிருந்தாலும் பயனில்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். மின்சாரம் கிடையாது. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில்தான் பௌதிகவியல் வரைபுகளைக் கீறினோம். எளிய ஊசலின் நீளத்தை x அச்சிலும், அலைவு காலத்தின் வர்க்கத்தை y அச்சிலும் குறித்துக் கோடு போட்டால், அதன் படித்திறனில் இருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கண்டுபிடிக்கலாம். y = mx + c. m படித்திறன், c வெட்டுத்துண்டு. இதை மறந்தவர்கள் ஒருக்கால் நினைவுபடுத்திக் கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

எங்கள் மாஸ்ரர் மூன்று விசயம் சொல்லுவார். "புள்ளியளின்ரை சராசரியைக் கண்டு அதுக்குள்ளாலை கோட்டைப் போடு. படித்திறன் எடுக்கக் கோட்டிலை தூரத் தூர இரண்டு இடம் பார், நீ அளந்த புள்ளியை எடாதை. கடைசிப் புள்ளிக்கு அங்காலை கோட்டை நீட்ட வேணுமெண்டால் முறிகோடு போடு. அங்காலை நீ அளக்கேல்லை."

மூன்றாவதைத்தான் நான் மறந்து போனேன்.

2005 இல் டுபாய் போனேன். அங்கே அகதி என்ற பெயருக்கே இடமில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் சேர்ந்த நாடு அல்ல. விசா இருந்தால் தொழிலாளி, முடிந்தால் ஓவர்ஸ்டே. கறாமாவில் பெட் ஸ்பேசில் இருந்துகொண்டு ஒரு ஸ்டோரில் வேலை செய்தேன். வெள்ளிக்கிழமைகளில், பக்கத்துக் கட்டடத்தில் இருந்த தமிழ்நாட்டு அண்ணர் ஒருவரின் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பேன். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் படிக்கிற பெடியன். அவனிடம்தான் வரைபு கீறுகிற கல்குலேற்றரை முதன்முதலாகக் கண்டேன். காசியோ.

இரண்டு நிரல்களில் எண்களைக் கொடுத்து மூன்று நான்கு பொத்தான்களை அமத்தினான். புள்ளிகள் வந்தன, கோடு வந்தது, சமன்பாடும் வந்தது. நான் ஒரு இரவு முழுக்க இருந்து செய்கிற வேலை. "அங்கிள், நீங்க இதையெல்லாம் கையாலயா போட்டீங்க?" என்று கேட்டான். சிரித்துச் சமாளித்தேன்.

அந்தப் பெட்டி செய்வது மாயம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு புள்ளியும் கோட்டில் இருந்து மேலோ கீழோ எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கிறது. அந்த விலகல்களை வர்க்கித்துக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை ஆகக் குறைவாக வருகிற கோட்டைத் தருகிறது. 1805 இல் லெஜாண்டர் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட முறை. கோள்களின் பாதையைக் கணிக்க உதவியதை நாங்கள் திர்ஹாமுக்கும் ரூபாய்க்கும் பாவிக்கிறோம்.

எக்ஸ்சேஞ்சில் காசு அனுப்பிய துண்டுகளை எறியாமல் வைத்திருப்பது என் பழக்கம். 2011 இல் கனடா வந்த பிறகும் அந்தக் கட்டு என்னோடு வந்தது. 2021 இல் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் இதே பாடம், பொருத்தமான நேர்கோடு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 84 வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு விளங்கப்படுத்த என் துண்டுகளையே எடுத்தேன். ஒரு திர்ஹாமுக்கு எத்தனை இலங்கை ரூபாய், வருடச் சராசரி ஏறக்குறைய இப்படி:

2005 - 27.4
2010 - 30.8
2015 - 37.0
2020 - 50.5

2005 ஐ பூச்சியம் என்று வைத்து 0, 5, 10, 15 என்று ஒரு நிரல், ரூபாய் மற்ற நிரல். ஸ்டாட், கால்க், லின்ரெக். விடை: y = 1.51x + 25.1. இணைவுக் குணகம் 0.956. அதாவது திர்ஹாம் வருடத்துக்கு ஒன்றரை ரூபாய் ஏறுகிறது, கோடு நல்லாய்ப் பொருந்துகிறது. எனக்கோ பெரிய புளுகம்.

அந்த வருடக் கடைசியில் சார்ஜாவில் இருந்து மச்சான் எடுத்தார், என் தங்கச்சியின் புருசன். வேலை முடிந்து நாட்டுக்குத் திரும்பப் போகிறார். கிராஜுவிட்டியும் சேமிப்புமாக 60,000 திர்ஹாம் கையில். (கிராஜுவிட்டியும் ஒரு கோடுதான். முதல் ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு 30 நாள். ஐந்தாம் வருடத்தில் படித்திறன் மாறுகிற கோடு. ஆனால் அது சட்டம் கீறியது, நம்பலாம்.)

"மச்சான், இப்ப அனுப்பவோ, கொஞ்சம் பொறுக்கவோ?" என்று கேட்டார்.

கோட்டைப் பார்த்தேன். 2022 க்கு x = 17. கோடு 50.8 என்கிறது. வங்கி 55 தருகிறது. கோட்டுக்கு மேலே நிற்கிறது, இனிக் கீழேதான் வரும் என்று முடிவு கட்டினேன். "இப்பவே அனுப்புங்கோ" என்றேன்.

"உண்டியல்காரர் இன்னும் கூடத் தருகினமாம்..." என்று இழுத்தார்.

"உதுகளை நம்பாதேங்கோ, வங்கியாலை போடுங்கோ" என்றேன்.

ஜனவரியில் போட்டார். 33 இலட்சம் ரூபாய். சித்திரைக்குப் பிறகு வீடு தொடங்கலாம் என்று ஊர் வங்கியில் நிலையான வைப்பில் கிடந்தது.

2022 மார்ச் 7 ஆம் திகதி மத்திய வங்கி ரூபாயைக் கைவிட்டது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. மே மாதம் டொலர் 360 ரூபாய், திர்ஹாம் 98 அளவில். நாலு மாதம் பொறுத்திருந்தால் அதே காசு 58 இலட்சத்துக்கு மேல். சீமெந்து விலை இரண்டு மடங்கானது. செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம். நாலு அறையோடு நினைத்த வீடு இரண்டு அறையோடு நின்றது.

ஒரு கிழமை நித்திரை இல்லை. பிறகு அந்த நாலு புள்ளிகளையும் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். இந்த முறை கோட்டைப் பார்க்கவில்லை, விலகல்களைப் பார்த்தேன். முதல் புள்ளி கோட்டுக்கு 2.3 மேலே. இரண்டாவது 1.85 கீழே. மூன்றாவது 3.2 கீழே. நாலாவது 2.75 மேலே. மேல், கீழ், கீழ், மேல். இது நேர்கோடே இல்லை, மேல்நோக்கி வளைகிற வளைகோடு! 0.956 என்ற எண் அதை மறைத்துப் போட்டது. 1973 இல் அன்ஸ்கம் என்ற புள்ளிவிபரவியலாளர் இதைத்தான் காட்டினார். நாலு தரவுத் தொகுதிகள், நாலுக்கும் ஏறக்குறைய ஒரே சமன்பாடு, ஒரே இணைவுக் குணகம். கீறிப் பார்த்தால் ஒன்று வளைகோடு, ஒன்றில் ஒரேயொரு புள்ளி மட்டும் துள்ளி நிற்கும். எண்ணை மட்டும் பார்க்காதே, படத்தையும் பார் என்பதுதான் பாடம்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், வளைகோடு போட்டிருந்தாலும் 98 வந்திராது. ஏனென்றால் 2021 செப்ரெம்பரில் இருந்து டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்தில் அசையாமல் நின்றது சந்தையால் அல்ல, மத்திய வங்கி பிடித்து வைத்திருந்ததால். திர்ஹாமும் 1997 இல் இருந்து டொலருக்கு 3.6725 என்று நிற்கிறது, அதுவும் பிடித்து வைத்ததுதான். ஒரு கையில் எண்ணெய்க் காசு இருந்தது, மற்றக் கை வெறுங்கை. கல்குலேற்றருக்கு இரண்டும் ஒரே மாதிரியான கிடைக்கோடு. பிடித்திருக்கிற கையை அதற்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான். உண்டியல் விலை அதைத்தான் சொல்லிக்கொண்டு இருந்தது. மச்சான் அளந்து சொன்ன அந்தப் புள்ளியை நான் நிரலில் போடவில்லை.

எங்களைப் போன்ற சனத்துக்கு இது விளங்காமல் போனதுதான் வெட்கம். 1995 ஒக்ரோபர் கடைசியில் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள் நாங்கள். அதற்கு முதல் நாள் வரை இருந்த வாழ்க்கையை எந்தக் கோட்டில் பொருத்தினாலும் அந்த இரவு வந்திராது.

மச்சான் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போன வருடம் ஊருக்குப் போனபோது வீட்டின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மற்ற இரண்டு அறைக்கும் அத்திவாரம் போட்டபடி கிடக்கிறது. "இது உங்கட முறிகோடு மச்சான்" என்று சொல்லிச் சிரித்தார். மாஸ்ரர் சொன்னதை நான்தான் எப்போதோ அவருக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அறைகளில் ஒன்றுக்கான செலவை மாதா மாதம் இங்கிருந்து அனுப்பிக்கொண்டு இருக்கிறேன். எப்போது முடியும் என்று கணக்குப் பார்க்கவில்லை.