சுங்கை பினாங்கில் மீண்டும் சந்தித்த அரக்கன்



பினாங்கு என்றதும் உங்களில் பலருக்கு நினைவுக்கு வருவது தண்ணீர்மலையும் தைப்பூசமும்தான். பிள்ளைகளைக் கேட்டால் கொடிமலை ரயில் என்பார்கள். பெண்களைக் கேட்டால் பினாங்கு ஸ்திரீட் சேலைக் கடைகள் என்பார்கள். இம்முறை நான் உங்களை அங்கெல்லாம் அழைத்துப் போகப் போவதில்லை. சுற்றுலாக்காரர் யாரும் நின்று படம் எடுக்காத ஓர் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகிறேன். அதன் பெயர் சுங்கை பினாங்.

சுங்கை என்றால் ஆறு. பினாங் என்றால் பாக்கு. தீவுக்கே பாக்கின் பெயர்தானே! தண்ணீர்மலைப் பக்கமிருந்து இறங்கி வரும் அருவி ஆறும், ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் ஆறும் கலந்து, பட்டணத்தின் நடுவே ஊர்ந்து, ஜெலுத்தோங் அருகே கடலில் விழுகிறது இந்த ஆறு. மலையில் கண்ணாடிபோல் இருக்கும் அந்தத் தண்ணீர், பட்டணத்தைக் கடந்து வரும்போது கறுத்துப் போய்விடும். மேலே தீர்த்தம், கீழே சாக்கடை என்று என் அத்தை சொல்வார்.

அந்த அத்தை வீடு இந்த ஆற்றோரத்தில்தான் இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. பெரிய மழை பெய்தால் ஆறு வாசற்படி ஏறி வந்து குசலம் விசாரிக்கும். 1983-ஆம் ஆண்டு, எனக்குப் பத்து வயது. நாங்கள் நிபோங் தெபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லயத்தில் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டுகிறவர்கள். லயத்தில் ஜெனரேட்டர் விளக்கு. இரவு ஒன்பதரைக்கு அது நின்றால் உலகமே நின்றுவிடும். அப்படிப்பட்ட பையனுக்குப் பள்ளி விடுமுறையில் பினாங்கு அத்தை வீட்டுக்குப் போவது என்றால் எப்படி இருந்திருக்கும்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அப்போது பினாங்குப் பாலம் கிடையாது. அது 1985-இல் தான் திறக்கப்பட்டது. பட்டர்வொர்த் வரை பஸ், பிறகு ஃபெரி. கீழே கார்களும் லாரிகளும் நிற்க, மேல் தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடல் காற்று வாங்கிய அந்த இருபது நிமிடம்தான் எங்களுக்கு வெளிநாட்டுப் பயணம். கார் ஏற்றிய அந்தப் பழைய ஃபெரிகளின் காலம் 2020-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. வேகம் கூடியிருக்கிறது. ஆனாலும் கரை நெருங்கும்போது மனம் துள்ளுவது மட்டும் மாறவில்லை.

அத்தை வீட்டில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி 1978 டிசம்பரிலேயே வந்துவிட்டாலும், வண்ணப் பெட்டி வாங்கும் வசதி மாமாவுக்கு இல்லை. ஆனால் யாரோ கழித்துப் போட்ட வீடியோ பெட்டி ஒன்றைச் சல்லிசாக வாங்கி, பழைய பெட்டியோடு இணைத்திருந்தார். சனிக்கிழமை தோறும் வாடகைக்கு இரண்டு டேப் வரும். ஒன்று அத்தைக்கு, சிவாஜி படம். மற்றொன்று அத்தை மகனான என் மச்சானுக்கு. அதுதான் அல்ட்ராமேன்!

என்னைவிட மச்சான் மூன்று வயது மூத்தவர். படத்தில் பேசுவது ஜப்பானிய மொழி. எங்கள் இருவருக்கும் ஒரு சொல் தெரியாது. அதற்கு மச்சான் ஒரு வழி வைத்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எல்லாப் பாத்திரங்களுக்கும் அவரே தமிழ் பேசுவார். கேப்டனுக்கு எஸ்டேட் துரையின் குரல். பயந்து ஓடும் சனங்களுக்கு அத்தையின் குரல். ஆற்றோரத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சன்னலில் தொங்கிக்கொண்டு கேட்பார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. அல்ட்ராமேன் முதன்முதலில் ஜப்பானில் ஒளிபரப்பானது 1966 ஜூலையில். மொத்தம் 39 பாகங்கள். 1954-இல் வந்த காட்ஸில்லா படத்துக்குத் தந்திரக் காட்சிகள் அமைத்த எய்ஜி சுபுராயாவின் நிறுவனம் எடுத்த தொடர் இது. ஹயாத்தா என்னும் இளைஞன் ஆபத்து வேளையில் ஒரு சிறு கருவியை உயர்த்திப் பிடித்தால், நாற்பது மீட்டர் உயர வீரனாக மாறிவிடுவான். பூமியில் மூன்று நிமிடம்தான் அவனால் நின்று போராட முடியும். நெஞ்சில் உள்ள விளக்கு நீலத்திலிருந்து சிவப்பாகி மினுக்கும்போது நேரம் முடியப் போகிறது என்று பொருள். அந்தக் காலத்தில் ஜப்பானிலும் பெரும்பாலான வீடுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். நிறம் மாறுவது தெரியாதவர்களுக்கும் புரியட்டும் என்றே விளக்கு மினுக்கும்போது ஒலியும் சேர்த்தார்கள். அந்த ஏற்பாடு சுங்கை பினாங் பலகை வீட்டில் எங்களுக்கும் உதவியது, பாருங்கள்! ஒலி கேட்டதும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

தோட்டத்துக்குத் திரும்பியதும் நான்தான் லயத்தின் அல்ட்ராமேன். இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து நின்றால் எதிரே நிற்பவன் விழுந்தாக வேண்டும் என்பது சட்டம். அரக்கனாக யாருமே வர மாட்டார்கள். சிறுவர்களைத்தான் பிடித்து அரக்கனாக்குவோம்.

அந்த விடுமுறையில் பார்த்த ஒரு பாகத்தில்தான் எனக்கும் மச்சானுக்கும் சண்டை வந்தது. அதில் வரும் அரக்கனுக்குக் கழுத்தே கிடையாது. தலையும் தோளும் ஒன்றாக ஒட்டியிருக்கும். நெருப்பு அவனை ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் அல்ட்ராமேன் அவன்மேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறான். அரக்கன் சேற்றில் விழுந்து புரள்கிறான். அவன் போட்ட சத்தம் கைக்குழந்தை வீரிட்டு அழுவதுபோல் இருந்தது. நான் கைதட்டிக் குதித்தேன். மச்சான் கைதட்டவில்லை.

“டேய் மாப்ளே, சும்மா இருடா. அவன் வீட்டுக்குப் போகணும்னு அழறான்.”

“அரக்கன் எங்கயாச்சும் அழுவானா? நீங்க சும்மா கதை விடுறீங்க!”

பேச்சு வளர்ந்து, கைகலப்பாகி, அத்தை வந்து இருவர் முதுகிலும் இரண்டு வைத்த பிறகுதான் ஓய்ந்தது. சமாதானம் ஆனதும் மச்சான் தம் சட்டையைத் தலைக்குமேல் இழுத்து, முகம் மட்டும் தெரிய, அந்தக் கழுத்தில்லாத அரக்கனாகவே நடந்து காட்டினார். சன்னலில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் சட்டையை இழுத்துக்கொண்டார்கள். ஜப்பானிலும் பிள்ளைகள் இதே விளையாட்டை விளையாடினார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

காலம் ஓடிவிட்டது. சென்ற ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் மீண்டும் சுங்கை பினாங் போயிருந்தேன். பலகை வீடுகள் இருந்த இடங்களில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆற்றின் முகத்துவாரப் பக்கம், கடலோரமாகக் கர்பால் சிங் சாலையில் உயர்ந்த கட்டடங்களும் உணவுக் கடைகளும். 2017 நவம்பரில் பினாங்கு மாநிலத்தையே மூழ்கடித்த பெருவெள்ளத்தைப் பற்றி இங்கே யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். மச்சான் இப்போது ஒன்பதாவது மாடியில் இருக்கிறார். “இனி ஆறு என்னைப் பார்க்க வரணும்னா லிப்ட்ல தான் வரணும்” என்று சிரிக்கிறார்.

அவருடைய மகன் அந்தப் பழைய தொடர் முழுவதையும் வட்டுகளில் வாங்கி வைத்திருந்தான். இப்போது வண்ணத்தில், கீழே ஆங்கில எழுத்துகளோடு. பேரன், ஏழு வயது, அவனும் உட்கார்ந்தான். அவனுக்குத் தெரிந்தது அல்ட்ராமேன் ரிபுட். ‘உப்பின் இப்பின்’ தொடரில் தோன்றிய நம் நாட்டு அல்ட்ராமேன். மலாயில் ரிபுட் என்றால் புயல். 2019-இல் ஜப்பானியர்கள் அவனைத் தங்கள் தொடரிலேயே சேர்த்துக்கொண்டார்கள். நம் ஊர்ப் பிள்ளை வெளியூரில் பெயர் எடுத்ததுபோல் பேரனுக்குப் பெருமை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. இடிந்து விழும் கட்டடங்கள் பொம்மைகள் என்று நன்றாகத் தெரிகிறது. ஓர் அரக்கனைப் பார்த்ததும், இது காட்ஸில்லா அல்லவா என்று தோன்றியது. ஆம், பழைய காட்ஸில்லா உடைக்குக் கழுத்தில் ஒரு விசிறியை ஒட்டிப் புது அரக்கனாக்கியிருந்தார்கள்! பெரியவனின் சட்டையை வெட்டித் தைத்துச் சின்னவனுக்குப் போடும் வித்தை நம் லயத்துத் தாய்மாருக்கு மட்டுமே தெரிந்தது என்று எண்ணியிருந்தேன்.

பிறகு 23-ஆம் பாகம் வந்தது. மாமோரு சசாகி எழுதி, அக்கியோ ஜிஸ்ஸோஜி இயக்கியது; 1966 டிசம்பர் 18-இல் ஒளிபரப்பானது. திரையில் தலைப்பு வந்தது. அதன் பொருளைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் சொந்த ஊர் பூமி என்பதுதான் அதன் கருத்து.

கழுத்தில்லாத அந்த அரக்கனின் பெயர் ஜமிலா. அவன் பிறவி அரக்கன் அல்லன், வாசகர்களே. அவன் ஒரு மனிதன், விண்வெளிக்கு அனுப்பப்பட்டவன். நாடுகள் ஒன்றோடொன்று போட்டி போட்ட காலத்தில் அவன் சென்ற கலம் வழி தவறி, ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாத ஒரு கிரகத்தில் விழுந்துவிடுகிறது. அவனைத் தேடி யாரும் வரவில்லை. தாகத்திலும் வெப்பத்திலும் அவன் உடம்பே மாறிப் போகிறது. கலத்தைத் தானே பழுது பார்த்துக்கொண்டு, கைவிட்டவர்கள்மேல் வஞ்சம் தீர்க்கத் திரும்பி வருகிறான். அவன் யார் என்பது மேலிடத்துக்குத் தெரியும். ஆனால் வெளியே சொல்லாதே, அரக்கன் என்றே சொல்லிக் கொன்றுவிடு என்று உத்தரவு வருகிறது. காவற்படையில் எப்போதும் வேடிக்கை செய்து நம்மைச் சிரிக்க வைக்கும் இடே என்ற வீரன் அதைக் கேட்டு மனம் உடைந்து போகிறான்.

எந்தத் தண்ணீருக்காக அங்கே ஏங்கினானோ, அந்தத் தண்ணீராலேயே இங்கே சாகிறான் ஜமிலா. பிறகு அவனுக்கு ஒரு கல்லறை எழுப்பி, மனித குலத்துக்காக உயிர் கொடுத்தவன் என்கிற கருத்தில் அழகாக எழுதி வைக்கிறார்கள். பலியாகிறவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் இந்த அழகான சொற்கள்தானா என்று இடே கசந்து போகிறான்.

அறையில் யாரும் பேசவில்லை. பேரன்தான் கேட்டான்: “தாத்தா, அப்போ இதுல கெட்டவன் யாரு?”

மச்சான் பதில் சொல்லவில்லை. எனக்கோ அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

எங்கள் தோட்டம் 1990-களில் விற்கப்பட்டது. பிரட்டுக் களத்தில் அறிவிப்பைப் படித்தார்கள். லயத்தைக் காலி செய்ய மூன்று மாதத் தவணை. இருபத்தேழு ஆண்டுகள் பால் வெட்டிய அப்பாவுக்குக் கொஞ்சம் பணமும், கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு நற்சான்றிதழும் கிடைத்தன. அதில் இருந்த சொற்கள் எல்லாம் நல்ல சொற்கள்தாம். அதை மாட்டி வைக்கத்தான் ஒரு சுவர் இல்லை. மச்சான்தான் வந்து, “வாங்க மாமா, நம்ம வீட்டுக்குப் போகலாம்” என்று அழைத்துக்கொண்டு போனார். கோழி வளர்க்க மண் எங்கே என்று கேட்டவர், மாலை வேளைகளில் இந்த ஆற்றோரம் வந்து நிற்பார். அப்படியே இங்கேயே கண்ணை மூடினார்.

அந்தக் காலத்தில் தோட்டம் கலைந்து பட்டணத்துக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்! பள்ளி பாதியில் நின்று, வேலை அமையாமல், சிலர் வழி தவறியது உண்மை. அவர்களைக் காட்டிப் பயமுறுத்தியே பல வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டினார்கள். நானும் ஒரு நல்ல வேலையில் உட்கார்ந்த பிறகு, அவர்களைக் கண்டால் சாலையின் மறுபக்கம் நடந்தவன்தான். அவர்கள் எப்படி இப்படி ஆனார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பத்து வயதில் ஜமிலா விழுந்தபோது கைதட்டிய அதே கைகள்தாமே!

மறுநாள் மாலை மச்சானோடு ஆற்றோரம் நடந்தேன். தண்ணீர் இன்னும் கறுப்புத்தான். ஆனால் ஓரிடத்தில் கொக்கு ஒன்று நின்று மீனுக்குக் காத்திருந்தது. நாற்பது ஆண்டுகளாகக் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

“மச்சான், அன்னிக்கு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது? ஜப்பான் பாஷை ஒரு சொல் தெரியாதே?”

“பாஷை எதுக்கு மாப்ளே? அழுகைச் சத்தம் கேட்டுச்சுல்ல. அடிக்க வந்தவன் அப்படியா அழுவான்? ஊருக்கு வந்தும் வீடு கிடைக்காதவன்தான் அப்படி அழுவான்.”

இத்தனை வருஷம் தாமதமாக, “நீங்க கதை விடலை மச்சான்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சட்டைக் காலரைத் தலைக்குமேல் இழுத்துக் காட்டினார். எதிரே வந்த ஒரு சீனப் பாட்டி எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த முறை தைப்பூசத்துக்குப் பினாங்கு போனால், ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள் ஏறி முருகனைக் கும்பிட்ட பிறகு, ஒரு மணி நேரம் ஒதுக்கி இந்தச் சுங்கை பினாங் பாலத்திலும் வந்து நில்லுங்கள். மேலே நீங்கள் கண்ட அருவித் தண்ணீர்தான் கீழே கறுத்து ஓடுகிறது. அது பிறக்கும்போது கறுப்பாகப் பிறக்கவில்லை.

வீட்டில் பிள்ளைகள் அல்ட்ராமேன் பார்க்கும்போது, வேலை கிடக்கிறது என்று எழுந்து போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வீரன் யார் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். அந்த அரக்கன் எந்த ஊர், அவனுக்கு வீடு இருந்ததா என்று மட்டும் நீங்கள் கேட்டுப் பாருங்கள்.