விளையாட்டு வினையாயிற்று

நுழையும்முன்

கணினி விளையாட்டில் மூழ்கிய பிள்ளைகளைக் கண்டு பெற்றோர் கவலைகொள்வது இயல்பு. அவ்விளையாட்டே ஓர் இளைஞனுக்குப் பொறுப்பையும் பங்களிக்கும் மனத்தையும் கற்பித்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

ஊரும் கணினியும்

விழுப்புரத்திலிருந்து கடலூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில், பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்திற்கும் இடையே அமைந்துள்ளது மேல்பட்டாம்பாக்கம். கரும்பும் நெல்லும் விளையும் பெண்ணையாற்றுப் பகுதி அது. அவ்வூரில் பலதொழில்நுட்பக் கல்லூரி மாணவன் ஒருவனின் வீட்டில் இருந்தது ஒரே ஒரு மடிக்கணினி. அவனுடைய தமக்கை மேல்நிலை வகுப்பில் அரசிடம் பெற்றது அது. தந்தை நெய்வேலியில் அனல்மின் பணிக்குச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளர்.

மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்னும் இயங்குதளமும் இடம்பெற்றிருந்தது. இதனை உருவாக்கி 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது சி-டாக் என்னும் இந்திய அரசு நிறுவனம். மாணவர் பெரும்பாலோர் அதனைத் திறந்தும் பார்த்ததில்லை. இவனோ ஒருநாள் ஆர்வத்தால் திறந்தான். பின்னர் மூடவே இல்லை.

காத்திருந்தோர் கதை

லினக்ஸின் உட்கருவை 1991இல் உருவாக்கத் தொடங்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆயினும் விளையாட்டு விரும்பிகளுக்கு அது நெடுங்காலம் வறண்ட நிலமாகவே இருந்தது. புதிய விளையாட்டுகளுள் பெரும்பாலானவை விண்டோஸுக்கென்றே ஆக்கப்பட்டன.

அக்குறையை நீக்க 1993இல் 'வைன்' என்னும் திட்டம் தொடங்கியது. விண்டோஸ் நிரல் இயங்குதளத்திடம் கேட்பவற்றை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதன் பணி. இருவர்க்கு இடையே நிற்கும் மொழிபெயர்ப்பாளரைப் போன்றது எனலாம். அதன் 1.0 பதிப்பு வெளிவர 15 ஆண்டுகள் ஆயின. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிலிப் ரெபோல் என்பவர் 'டிஎக்ஸ்விகே' என்னும் மென்பொருளை வெளியிட்டார். தாம் விரும்பிய ஒரு விளையாட்டை லினக்ஸில் ஆட வேண்டும் என்னும் ஆசையே அதற்கு வித்து. அதே ஆண்டு ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வைனையும் டிஎக்ஸ்விகேயையும் இணைத்துப் 'புரோட்டான்' என்னும் மென்பொருளை அளித்தது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகள் பல அதன்பின் லினக்ஸிலும் ஓடின.

இச்செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் அம்மாணவன் தன் வீட்டு நிகழ்வுபோல் மகிழ்ந்தான். அவனுடைய பழைய கணினியின் வரைகலைத் திறன் அவ்விளையாட்டுகளுக்குப் போதவில்லை. எனினும் கட்டற்ற விளையாட்டுகள் அவனுக்குக் கைகொடுத்தன. லினக்ஸின் சின்னமான பெங்குவின் பந்தயம் ஓட்டும் 'சூப்பர் டக்ஸ் கார்ட்', படைநடத்தும் 'வெஸ்னாத்', பண்டைய நாகரிகங்கள் மோதும் '0 ஏ.டி.' ஆகிய அனைத்தும் விலையின்றிக் கிடைத்தன. '0 ஏ.டி.'யில் மௌரியரின் யானைப்படையை நடத்துவதில் அவனுக்குத் தனி இன்பம். ஒவ்வொரு புதிய பதிப்பும் பொங்கல் வரவுபோல் அவனுக்குத் தோன்றியது. அதில் குறை காணின் தொகுத்தவரை வசைபாடவும் அவன் தயங்கியதில்லை.

கறுத்த திரை

2025 ஜனவரி இறுதியில் '0 ஏ.டி.'யின் 27ஆம் பதிப்பு 'அக்னி' என்னும் பெயரோடு வெளிவந்தது. சில நாள்கள் கழித்து அதனை நிறுவ முனைந்த மாணவன், அதற்கு முன்னதாக இயங்குதளம் முழுவதையும் புதுப்பித்துவிட எண்ணினான். உட்கருவின் புதிய பதிப்பு ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை வெளிவருவது வழக்கம். அவன் பொத்தானை அழுத்தினான், கணினி தன்னை மீளத் தொடங்கியது, திரை கறுத்தது. மீண்டும் மீண்டும் முயன்றும் ஒளி வரவில்லை.

அடுத்த அறையில் தமக்கை போட்டித்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டாண்டு உழைத்துத் தொகுத்த குறிப்புகள் யாவும் அக்கணினிக்குள் இருந்தன. தேர்வுக்கோ நான்கு நாள்களே எஞ்சியிருந்தன. செய்தி அறிந்ததும் அவள் அழவும் இல்லை, சினக்கவும் இல்லை. சுவரில் சாய்ந்து அமர்ந்துவிட்டாள். அந்த மௌனத்தை அவனால் தாங்க இயலவில்லை.

இரவுப் பொழுதில் பணி முடிந்து தந்தை வந்தார். கணினியைப் பற்றி அவர் அறியார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "ஓர் அலகை நிறுத்திப் பழுதுபார்க்கும் முன், இன்னோர் அலகு ஓடுகிறதா என்று பார்ப்போம். உன் பெட்டியில் பழையதை எடுத்து எறிந்துவிட்டுத்தான் புதியதை வைத்தாயா?" என்று கேட்டார்.

அக்கேள்வியே வழிகாட்டிற்று. புதிய உட்கருவை நிறுவும்போது பழையதையும் விட்டுவைப்பது லினக்ஸ் தொகுப்புகள் பலவற்றின் வழக்கம் என்பது மாணவனுக்கு நினைவில் எழுந்தது. கணினி தொடங்கும் நொடியில் விசையை அழுத்தினான். பட்டியல் ஒன்று தோன்றியது. அதில் முந்தைய உட்கருவைத் தெரிவுசெய்தான். திரை ஒளிர்ந்தது. வேறெதனையும் தொடாமல், தமக்கையின் குறிப்புகளை முதலில் விரலியில் படியெடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"விளையாடு, தம்பி, நான் தடுக்கவில்லை. இனிக் கைவைக்கும் முன் இதைச் செய்" என்றாள் அவள்.

வசையும் வரைவும்

மறுநாள் அவன் அம்மென்பொருளை ஆக்கியோர்க்கு ஒரு மடல் எழுதினான். முதல் வரைவு முழுவதும் வசை. படித்துப் பார்த்தபோது, அதில் தன் சினம் இருந்ததேயன்றிப் பழுதைக் கண்டறிய உதவும் செய்தி ஒன்றும் இல்லை என்பது அவனுக்கே விளங்கியது. அழித்துவிட்டு மீண்டும் எழுதினான். கணினியின் வகை, இயங்கிய பதிப்பு, இயங்காத பதிப்பு, திரை கறுக்கும் முன் பதிவான கணினிக் குறிப்புகள் ஆகியவற்றை வரிசையாகத் தந்தான். முகமறியாத் தன்னார்வலர் ஒருவர் மேலும் இரண்டு சோதனைகள் செய்யுமாறு கேட்டார். கல்லூரி முடிந்து வந்து இரவுகளில் அவற்றைச் செய்து அனுப்பினான். சில வாரங்களில் திருத்தம் வெளியாயிற்று.

பிழையை அறிவித்தவர், சோதித்தவர் ஆகியோரின் பெயர்களையும் திருத்தக் குறிப்பில் பதிவது லினக்ஸ் உருவாக்குநர் மரபு. அவ்வாறே அவன் பெயரும் பதிவாகியிருந்தது. "இதற்குப் பணம் தருவார்களா?" என்றார் தந்தை. "இல்லை அப்பா, பெயர் போடுவார்கள்" என்றான் மகன். தந்தை அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, மகனின் பெயரை இருமுறை படித்தார்.

இற்றைக்கு உரியது

விளையாட்டு வினையாகும் என்பது பழமொழி. வினை என்னும் சொல்லுக்குத் துன்பம் என்றும் செயல் என்றும் பொருளுண்டு. அம்மாணவனுக்கு அது முதலில் துன்பமாக வந்து, பின்னர்ச் செயலாக மாறிற்று. இப்போது அவன் கட்டற்ற விளையாட்டுகளின் பட்டியல்களைத் தமிழாக்கும் பணியில் ஈடுபடுகிறான். ஐயம் எழும்போது தமக்கையைக் கேட்பான். கணினித் தமிழில் வழங்கும் 'இற்றைப்படுத்தல்' என்னும் சொல் அவனுக்குக் கடினமாகத் தோன்றியபோது அவளே விளக்கினாள்: "இற்றை என்றால் இன்றைய என்று பொருள். நேற்றையதை இன்றைக்கு உரியதாக ஆக்குவதுதான் இற்றைப்படுத்தல்."

அவன் அச்சொல்லையே எழுதினான். அடுத்த புதிய பதிப்பு வந்த மாலையில், தமக்கையின் கோப்புகளைப் படியெடுத்து முடித்த பின்னரே பொத்தானில் விரல் வைத்தான்.