மாமாவுக்கு ஒரு கப்பல்

கப்பலில் ஏறும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை வைத்திருந்தார்கள். எல்லாரும் காலணியைக் கழற்றி அதில் போட்டுவிட வேண்டும். தேக்குமரத் தளத்தில் கீறல் விழக்கூடாதாம். அப்பாவுக்கு இந்த விதி உடனே பிடித்துவிட்டது. "நம்ம வீடு மாதிரியே இருக்கும்மா" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று நாள்களுக்கு அவருக்கு வேறு எதுவும் பிடிக்கவில்லை.

என் அத்தை மகன், என் அத்தான், லண்டனில் சொந்தமாகத் தொழில் நடத்துகிறார். 1990களின் கடைசியில் ஈப்போவிலிருந்து சிங்கப்பூருக்குப் படிக்க வந்தபோது, தோ பாயோவில் எங்கள் மூவறை வீவக வீட்டில்தான் இரண்டரை ஆண்டுகள் தங்கினார். அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பளுதூக்கி இயக்குபவர். ஆயிரக்கணக்கான கொள்கலன்களைக் கப்பல்களிலிருந்து தூக்கியவர், ஒருநாள்கூட கப்பலில் பயணம் செய்ததில்லை. "மாமாவுக்கு 70 வயது. ஒரு வாரம் கப்பலில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறேன்" என்று அத்தான் முடிவு செய்துவிட்டார். கடல் என்றாலே அம்மாவுக்குத் தலைசுற்றும். அதனால் அப்பாவுக்குத் துணையாக நான். வானொலியில் ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பிரான்சின் தென்கரையில், ஆன்டீப் துறைமுகத்தில் ஏறினோம். 26 மீட்டர் நீளச் சொகுசுப் படகு. அத்தான் குடும்பத்தில் நால்வர், நாங்கள் இருவர். எங்களுக்குப் பணிவிடை செய்ய ஐந்து ஊழியர்கள்!

இந்தப் படகுகளின் கணக்கை அத்தான் எனக்கு விளக்கினார். வாடகை என்பது படகுக்கும் ஊழியர்களுக்கும் மட்டும்தான். எரிபொருள், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் எல்லாவற்றுக்கும் வாடகையில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை முன்பணமாகக் கப்பல் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் கணக்கு வைத்து, மிச்சம் இருந்தால் கடைசி நாளில் திருப்பித் தருவார். வரியும் அன்பளிப்பும் தனி. இதை அப்பா காதில் விழாமல் சொல்லியிருக்கலாம்.

ஐந்து கிலோமீட்டர் மணல்

மூன்றாம் நாள் பம்பலோன் கடற்கரைக்கு முன்னால் நின்றோம். சென் ட்ரோப்பே கடற்கரை என்று உலகம் சொன்னாலும், பம்பலோன் பக்கத்து ஊரான ரமத்துவெல்லுக்குச் சொந்தம். ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீள மணல். 1944 ஆகஸ்ட் 15 அன்று நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய கரைகளில் இதுவும் ஒன்று. பிறகு சினிமா வந்தது. பிரிஜித் பர்தோ நடித்து 1956இல் வெளிவந்த படத்தின் குழுவினர், கரையில் ஒரு குடும்பம் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடிசையை உணவகம் என்று நினைத்துச் சாப்பாடு கேட்டார்களாம். அந்தக் குடும்பமும் பரிமாறியது. 'கிளப் 55' அப்படித்தான் பிறந்தது என்கிறார்கள். இன்று கரை நெடுகிலும் பீச் கிளப்புகள். கடலில் நிற்கும் படகுகளிலிருந்து சிறு படகில் வந்து, மதியம் சாப்பிட்டு, குடை நிழலில் படுத்திருந்துவிட்டுத் திரும்புவதுதான் இங்கு வாடிக்கை.

நங்கூரம் போட இடம் தேடினோம். இந்தக் கடலடியில் பொசிடோனியா என்ற புல் வளர்கிறது. பாசி அல்ல, பூக்கும் தாவரம். இங்குள்ள இனம் மத்தியதரைக் கடலில் மட்டுமே உள்ளது. மீன்குஞ்சுகளுக்கு அதுதான் வீடு. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் படரும் என்பதால், ஒரு நங்கூரம் பிய்த்தெறிவதைக் கடல் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகள் அதன்மீது நங்கூரம் போடுவதை 2019 முதல் பிரான்ஸ் கட்டுப்படுத்திவருகிறது. புல் எங்கே, மணல் எங்கே என்று காட்ட ஒரு செயலி இருக்கிறது. பெயர் 'டோனியா'.

"தோணியா?" என்று அப்பா தலைதூக்கினார். அந்த நாளில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

சாப்பாட்டு மேசையிலிருந்து காணாமல் போனவர்

நாங்கள் போன கிளப்பின் பெயர் வேண்டாம். வெள்ளைத் துணி விரித்த மேசைகள், நாணல் கூரை, காலுக்கடியில் மணல். உப்பில் பொதிந்து சுட்ட மீன் வந்தது. உண்மையாகவே அருமை. அப்பா முழுக்கால் சட்டையும் கைக்கடிகாரமுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு படுக்கைக்கும் ஒரு குடைக்கும் 110 யூரோ என்று எழுதியிருந்த அட்டை அவர் எதிரிலேயே இருந்தது. தண்ணீர் மட்டும் போதும் என்றார். பிறகு கைகழுவப் போனவர் திரும்பவில்லை.

அவரைத் தேடிக்கொண்டு நடந்தேன். குடை வரிசை முடிந்து, கயிறும் முடிந்து, சும்மா மணல் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சாதாரணக் குடும்பங்கள். குளிர்பெட்டி, தர்ப்பூசணி, பந்து. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை போலவே இருந்தது. "இங்க காசு கேக்கலம்மா. அதே தண்ணிதான்" என்றார்.

கேட்கவும் முடியாது. மாலையில் கப்பல் தலைவர் விளக்கினார். பிரான்சில் கடற்கரை பொதுச்சொத்து. இயற்கையான கடற்கரையின் நீளத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைக் கடைகளுக்குக் கொடுக்காமல் மக்களுக்கே விட வேண்டும். அலையோரமாக யார் வேண்டுமானாலும் நடந்து போகலாம். 1986ஆம் ஆண்டின் கடற்கரைச் சட்டத்துக்கு ஏற்ப, 2018-19 வாக்கில் பம்பலோனின் பழைய கட்டடங்களை இடித்து, மணல்மேட்டை விட்டு விலகி, கழற்றி எடுக்கக்கூடிய கூடாரங்களாகக் கட்ட வைத்தார்கள். எவ்வளவு பெரிய கிளப்பும் மணலுக்கு வெறும் வாடகைதாரர்தான்.

ஆனால் மேசையில் அத்தானின் முகம் வாடிப்போயிருந்தது. கப்பலுக்குத் திரும்பும்வரை யாரும் பேசவில்லை.

நாகப்பட்டினத்துக்காரர்

அன்றிரவு சென் ட்ரோப்பே பழைய துறைமுகத்தில் படகைக் கட்டினார்கள். பின்பக்கம் கரையைப் பார்த்திருக்கும். ஐஸ்கிரீமோடு நடப்பவர்கள் எல்லாம் நம் சாப்பாட்டை வேடிக்கை பார்ப்பார்கள். "மீன்தொட்டிக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்று அப்பா கரையில் இறங்கிவிட்டார். நானும் அத்தானும் பின்னால் போனோம்.

துறைமுகத்தில் ஒரு வெண்கலச் சிலை. கடற்படைத் தளபதி சுஃப்ரன். கைபேசியில் தேடிப் படித்துக் காட்டினேன். 1782, 1783இல் பிரிட்டிஷ் கடற்படையோடு ஐந்து முறை மோதியவர். போர் நடந்த இடங்கள்: சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர்... அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"நாகப்பட்டினமா?"

தாத்தா 1950களின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில்தான் ரஜூலா கப்பல் ஏறினார். டெக் பயணி. அறை கிடையாது. திறந்த தளத்தில் பாய் விரித்து, தகரப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டு வந்தவர். அதைச் சொல்லிவிட்டு அப்பா சிலையின் காலடியில் உட்கார்ந்தார்.

"மாமா, இன்னிக்கு சாப்பாடு பிடிக்கலையா?" என்று அத்தான் கேட்டார்.

"சாப்பாட்டுல குறை இல்லப்பா. நீ எங்க வீட்டுல இருந்தப்ப நான் கணக்கு எழுதி வைக்கல. நீ எழுதி வச்சிருக்க போலிருக்கு."

அத்தான் சற்று நேரம் பேசவில்லை. "கணக்குத் தீர்க்க வரல மாமா. ராத்திரி வேலை முடிஞ்சு வந்து, நான் படிக்கிறேன்னு விளக்கை அணைக்கச் சொல்லாம, வெளியே மாடிப்படியில உட்கார்ந்திருப்பீங்க. நான் பார்த்திருக்கேன். ஒரு வாரமாவது நீங்க சும்மா உட்காரணும், மத்தவங்க வேலை செய்யணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

அப்பா மெல்லச் சொன்னார்: "சும்மா உட்கார எனக்குத் தெரியாதேப்பா."

கையசைவு

மறுநாள் காலை மீண்டும் பம்பலோன். நங்கூரம் இறக்கும்போது ஒருவர் முன்முனையில் நின்று, சங்கிலி எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு விட வேண்டும் என்று பின்னால் இருக்கும் தலைவருக்குக் கையால் சைகை காட்ட வேண்டும். அத்தான் போய்த் தலைவரிடம் ஏதோ பேசினார். ஊழியர் அப்பாவைப் பக்கத்தில் அழைத்து நிறுத்திக்கொண்டார். முப்பது ஆண்டுகள் பளுதூக்கியில் இருந்தபடி கீழே நிற்பவரின் சைகையைப் படித்தவர், இப்போது தானே சைகை காட்டினார். சங்கிலி மணலில் நேராகப் போய் விழுந்தது. ஊழியர் கட்டைவிரலை உயர்த்தினார். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. பெருமையாக இருந்தால் அவர் அப்படித்தான்.

அன்று கிளப் கிடையாது. சமையல்காரரிடம் எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்து வாங்கிக்கொண்டு, அந்தச் சும்மா மணலில் ஆறு பேரும் துண்டு விரித்தோம். அத்தானின் பிள்ளைகளுக்கு அந்த வாரத்தில் மிகவும் பிடித்த நாள் அதுதானாம்.

நீங்களும் போக நினைத்தால் படகு வேண்டாம். சென் ட்ரோப்பேவுக்கு ரயில் கிடையாது. நீஸ் விமான நிலையத்திலிருந்து சென் ரஃபாயேல் வரை ரயிலில் போய், அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். கோடையில் பயணிப் படகும் உண்டு. செவ்வாய், சனி காலைகளில் பிளாஸ் தெ லீஸ் சதுக்கத்தில் சந்தை கூடும். அங்கே பழமும் ரொட்டியும், கடையில் பாலேடு வைத்த 'ட்ரோப்பேசியன்' இனிப்பு ரொட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் சாலை நெரிசல் தாங்காது. ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது. கிளப்பில் ஒரு வேளை சாப்பிட ஆசையா? தாராளமாகச் சாப்பிடுங்கள். விலையை முன்பே கேட்டுக்கொண்டு, முன்பதிவு செய்துவிட்டு.

சாங்கியில் அம்மா காத்திருந்தார். "எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு" என்றார் அப்பா. "நங்கூரம் போட்டேன்."