தோவாளைப் பூவும் ஒரு வாளி நீரும்

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில், ஆரல்வாய்மொழிக்கு முன்னரே மணத்தால் நம்மை நிறுத்தும் ஊர் தோவாளை. பொழுது புலருமுன்னே பூச்சந்தை கூடிவிடும். பிச்சியும் மல்லிகையும் அரளியும் மூட்டை மூட்டையாய் வந்திறங்கிக் கேரளத்துக்குப் பயணமாகும். இவ்வூர் மாணிக்கமாலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பணி ஓய்வுக்குப்பின் இங்குக் குடியேறிய நாங்கள் இருவரும் காலைதோறும் சந்தைவழி நடப்போம். பூவைக் கண்டோம், மூட்டைகளின் ஓரம் சுருண்டு கிடந்த நாய்களைக் கண்டோமில்லை. காலில் இடறினால் விரட்டுவோம்.

மகன் வீட்டில் தங்கச் சென்னை சென்றபோது இப்பார்வை மாறிற்று. பொழுதுபோக்காக ஒரு விலங்குக் காப்பகத்தில் தொண்டு செய்யப் போனோம். குட்டிகளைக் கொஞ்சலாம் என்றெண்ணிய எங்களுக்குக் கிடைத்தவை வாளியும் துடைப்பமுமே. கூண்டு கழுவினோம், தட்டுத் தேய்த்தோம். மூன்று கால்களே உடைய கிழநாய் ஒன்று முதலில் எங்களைக் கண்டு சுவரோரம் ஒண்டிற்று. சில வாரங்களில் வாளியின் ஓசைக்கே எழுந்து வந்தது. ஒருநாள் மழைக்கு அஞ்சி நாங்கள் போகவில்லை. அன்று முழுவதும் அது கதவருகே கிடந்ததாம். நாங்கள் இல்லாவிடில் நின்றுபோகும் என்று எண்ணியிருந்த அலுவலகம், ஓய்வு பெற்ற மறுநாளும் வழக்கம்போல் இயங்கிற்று. இந்த நாயோ காத்திருந்தது! வெட்கினோம்.

வெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்கு எடுத்துவந்ததே, 1959இல் சென்னையில் ‘புளூ கிராஸ்’ தோன்றக் காரணமாயிற்று. எனவே சிறிய தொடக்கத்துக்கு நாங்கள் கூசவில்லை. தோவாளைக்குத் திரும்பியதும் சந்தையருகே ஒரு நீர்த்தொட்டி வைத்தோம். “பூவில் வாய் வைக்கும்” என்று வியாபாரி ஒருவர் கடிந்துகொண்டார். அவர் அச்சமும் நியாயமே. தொட்டியைத் தள்ளி வைத்தோம்.

நாள்தோறும் சோறிடும் கைக்கே தெருநாய் எளிதில் அடங்கும். ஆதலால் தடுப்பூசி நாளில் அவற்றைப் பிடித்துக் கொடுப்பது எங்கள் பணியாயிற்று. முன்கூட்டியே நாங்களும் ஊசி போட்டுக்கொண்டோம். நாய்களுள் 100க்கு 70க்கேனும் தடுப்பூசி போட்டால் வெறிநோய் பரவுவது தடைப்படும். கடிபட்டாலோ, சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

சென்ற வாரம் காய்ச்சலால் நாங்கள் இரண்டு நாள் வெளிவரவில்லை. மூன்றாம் நாள் கவலையோடு போய்ப் பார்த்தோம். தொட்டி நிறைந்திருந்தது. கடிந்துகொண்ட அதே வியாபாரி, பூவுக்குத் தெளித்த வாளியைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்க வரலையே, அதான்” என்றார்.