இழப்பில் யாருக்குப் பங்கு?

உழவர்கள் பழமையில் ஊறியவர்கள். புதியதொன்றைச் சொன்னால் எளிதில் ஏற்கமாட்டார்கள் என்று படித்தவர்கள் பலர் கூறக் கேட்டிருக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு அரபியும் தமிழும் கற்பித்து வரும் எனக்கு இந்தக் குற்றச்சாட்டின் தொனி பழக்கமானது. பாடம் ஏறாத மாணவனைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள். அவனுக்கு ஏன் ஏறவில்லை என்று ஆராய்வதைவிட, அவன் மந்தம் என்று முடிவு கட்டிவிடுவது ஆசிரியனுக்கு எளிது. உழவர் விஷயத்திலும் அந்தச் சோம்பலே நடக்கிறது என்பது என் எண்ணம். காவிரிப் பாசனத்தின் கடைமடையில், குத்தகைக்கு விட்ட சிறிதளவு நன்செய் உடைய குடும்பத்தில் பிறந்தவன் நான். வரப்பில் கண்டதையும் கிதாபுகளில் ஓதியதையும் சேர்த்து வைத்து இதனை எழுதுகிறேன்.

தஞ்சைத் தரணியின் உழவன் புதுமைக்குப் பகைவன் அல்லன் என்பதற்கு வரலாறே சான்று. 1960-61ஆம் ஆண்டில், இந்திய நாட்டில் 7 மாவட்டங்களைத் தேர்ந்து தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கப்பட்டபோது அவற்றுள் தஞ்சையும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை என்பவற்றைத் தனித்தனியே தராமல் ஒருசேரத் தருவது அத்திட்டத்தின் உட்கருத்து. பிறகு, 1922இல் நிறுவப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து, 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்னும் நெல் வந்தது. ஜப்பானிய நெல்லும் நம் நாட்டு நெல்லும் கலந்து பிறந்த ரகம் அது. ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். குறுவையை முடித்துக்கொண்டு தாளடிக்கு வயலை ஒழித்துவிடலாம். இந்த நெல்லைப் பற்றித் திருச்சி வானொலி நிலையம் மாலைதோறும் உழவர்களுக்கு எடுத்துச் சொல்லிற்று. மக்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பிறந்த ஊரின் பெயரை விட்டு, செய்தி சொன்ன வாயின் பெயரை ஒரு பயிருக்கு இட்டார்கள் என்றால், நம்பத் தகுந்த குரல் ஒன்று கிடைத்தபோது அவர்கள் எவ்வளவு ஆவலோடு செவி சாய்த்தார்கள் என்பது விளங்கும்.

ஆனால், கேட்ட மறுநாளே யாரும் விதைத்துவிடவில்லை என்று என் அத்தா மர்ஹூம் அவர்கள் சொல்வார்கள். ஊரில் வசதியுள்ள ஒருவர் முதலில் நட்டாராம். மற்றவர்கள் பஜ்ரு தொழுகை முடிந்து வரும்போதும், மாடு பிடித்துப் போகும்போதும் அந்த வரப்பில் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம். கதிர் முற்றிக் களத்துக்கு வந்து மூட்டை எண்ணிய பிறகே அடுத்தவர் விதை கேட்டுப் போனார். “காது கேட்டா போதாது, கண்ணு பார்க்கணும், கண்ணு பார்த்தாலும் போதாது, குதிரு தாங்கணும்” என்பது அத்தாவின் வாக்கு. கடைசியாகச் சொன்ன அந்தக் குதிரின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

காதும் கண்ணும் பற்றி நம் முன்னோர் அறியாதவர் அல்லர். ஸ்பெயின் நாட்டு இஷ்பீலிய்யா நகரில், ஹிஜ்ரி 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் (ரஹ்) வேளாண்மையைப் பற்றி ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் பெருநூலை அரபியில் யாத்தார். முந்திய அறிஞர்களின் கூற்றுகளைத் திரட்டித் தந்ததோடு அவர் நிற்கவில்லை. நகருக்கு அருகிலிருந்த மேட்டு நிலத்தில் தாமே பயிரிட்டுப் பார்த்து, கண்டதையும் எழுதினார். ஏட்டில் உள்ளதை மண்ணில் இட்டுப் பார்த்த பிறகே பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒழுக்கம் அது.

இனி குதிருக்கு வருகிறேன்.

2000க்குப் பிந்திய பத்தாண்டின் நடுவில், ஒற்றை நாற்று நடவு நம் பக்கத்தில் பேச்சாயிற்று. மடகாஸ்கர் தீவில் பணியாற்றிய ஹென்றி தெ லோலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983 வாக்கில், அங்குள்ள உழவர்களோடு பழகிக் கண்டறிந்த முறை அது. 25, 30 நாள் நாற்றைக் கொத்தாகப் பிடுங்கி நடுவதற்கு மாறாக, 14 நாள் இளநாற்றை ஒவ்வொன்றாக, சதுரமாக இடைவெளி விட்டு நடவேண்டும். ஏக்கருக்கு 2, 3 கிலோ விதை போதும். வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல், காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும். உருளும் களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினால் களை மண்ணுக்குள் மடிந்து, வேருக்குக் காற்றும் கிடைக்கும். தூர் வெடிப்பது பெருகும்.

எங்கள் ஊரிலும் வேளாண்மைத் துறையினர் கூட்டம் போட்டு விளக்கினார்கள். நன்றாகவே விளக்கினார்கள். எல்லாரும் தலையாட்டிவிட்டு வந்து, வழக்கம்போலவே நாற்று விட்டார்கள். எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை ‘அண்ணே’ என்பேன். என்னைத் ‘தம்பி’ என்று அழைத்து வந்தவர், நான் ஆலிம் ஸனது வாங்கி வந்த நாளிலிருந்து ‘அசரத்து’ என்று மாற்றிக்கொண்டார். “ஏண்ணே, அவர்கள் சொன்னது சரியில்லையா?” என்று கேட்டேன்.

“பொய்யின்னு நான் சொல்லலே அசரத்து. நம்ம வயலு பள்ளக்கால். ஐப்பசி மழையிலே அந்தச் சின்ன நாத்து முங்கிப் போச்சுன்னா ஆபீசரு மாத்தலாகிப் போயிடுவாரு. குத்தகை நெல்லு மாத்தலாகிப் போகாதுல்ல?”

அத்தா சொன்ன குதிர் எது என்பது அந்த ஒரு விடையில் எனக்கு விளங்கிற்று. அவருக்கு அறிவு குறைவில்லை. கணக்குத் தெளிவாக இருந்தது. விளைந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சி. விளையாவிட்டால் துன்பம் அவர் ஒருவருக்கே. அத்தகைய நிலையில் தயங்குவதைப் பழமைப் பற்று என்று சொல்வது நியாயமாகுமா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசினேன். “ஒரு மாவுக்கு மட்டும் குத்தகை வேணாம்னு சொல்லு. விளைஞ்சதுலே மூணுலே ஒரு பங்கு நமக்கு, விளையாட்டா நமக்கும் இல்லே” என்றார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்கள், ஆனால் கேள்வி எங்கே முடிச்சுப் போட்டிருந்ததோ அங்கேயே அவிழ்த்தார்கள். அண்ணன் சற்று மேடான ஒரு மாவைத் தேர்ந்து ஒப்புக்கொண்டார். அதற்கு ஒரு கிலோ விதைகூடச் செலவாகவில்லை. பக்கத்து மாவுக்கு 10 கிலோ போயிற்று.

நட வந்த பெண்கள் முதலில் சிரித்தார்கள். கொத்துக் கொத்தாக ஊன்றிப் பழகிய கைக்கு ஒரு நாற்று மயிரிழைபோல் நழுவிற்று. பொழுது ஏற ஏற, கயிற்றில் துணிக் கிழிசல்களை முடிந்து அடையாளம் வைத்துக்கொண்டு, தாங்களே ஓர் ஒழுங்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நட்ட வயல் பதினைந்து நாள் வரை பார்க்கச் சகிக்கவில்லை. வழுக்கைத் தலைபோல் கிடந்தது. போவோர் வருவோர் அண்ணனைக் கேலி செய்தார்கள். நாற்பதாம் நாளில் கேலி நின்றது. தூர் வெடித்து வயல் மூடிக்கொண்டது. அறுவடையில் பக்கத்து மா 7 மூட்டை கண்டபோது இது 9 மூட்டை கண்டது. பெரும் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் எதிர்பார்த்துத் திறந்திருந்த கண்களுக்கு அது போதும்.

மறு ஆண்டு அவர் தாமாகவே 4 மா நட்டார். அக்கம்பக்கத்தவர் ஒன்று, இரண்டு மா என்று தொடங்கினார்கள். செய்தியைச் சுமந்து சென்றவர்கள் யார் என்று பார்த்தால், கூலிக்கு ஊர் ஊராக நடவுக்குப் போகும் அதே பெண்கள்தாம். விளக்கக் கூட்டத்துக்கு ஆண்களை அழைத்துவிட்டு, நாற்றைக் கையில் பிடிப்பவளை அழைக்க மறப்பது நெடுநாள் வழக்கம். 1986இல் தமிழகத்தில் வேளாண்மகளிருக்கென்றே டென்மார்க் நாட்டு உதவியோடு பயிற்சித் திட்டம் தொடங்கியது அதனால்தான் மிகப் பொருத்தமான செயலாயிற்று.

இன்னொன்றும் கவனித்தேன். அண்ணன் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்கவில்லை. மேட்டு வயலில் இளநாற்று நட்டார். பள்ளத்தில் பழையபடி முதிர்ந்த நாற்றே நட்டார். ஆனால் இரண்டிலும் இடைவெளியைக் கூட்டி, விதையைக் குறைத்துக்கொண்டார். பிற்காலத்தில் நடவுக்கு ஆள் கிடைக்காதபோது நேரடி விதைப்புக்கும் மாறினார். இதை அரைகுறை என்று சொல்வோரும் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பேரீச்சை மகரந்தம் பற்றிய ஹதீஸை ஓதிய எவரும் சொல்லத் துணியமாட்டார்.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி அது. மதீனத்து மக்கள் ஆண் பாளையின் மகரந்தத்தைப் பெண் பாளையில் சேர்த்து வந்தார்கள். அதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், செய்யாதிருந்தால் நலமாயிருக்கலாமே என்னும் பொருள்படச் சொன்னார்கள். மக்கள் விட்டுவிட்டார்கள், விளைச்சல் குன்றிற்று. செய்தி எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள், மார்க்கத்தில் தாம் ஏவுவதைப் பற்றிக்கொள்ளுமாறும், உலகியல் காரியங்களில் அவர்களே நன்கு அறிந்தவர்கள் என்றும் தெளிவுபடுத்தினார்கள். வஹீ இறங்கிய திருநபியே தோட்டக்காரரின் அனுபவத்துக்கு அத்தகைய கண்ணியம் தந்திருக்க, ஒரு நாள் பயிற்சி முடித்து வந்தவர் உழவனின் சொல்லைக் கேளாமல் போவது எவ்விதம் தகும்?

இனி நம் சமூகத்துக்கு நேரே வருகிறேன். டெல்டாப் பகுதியில் நிலமுள்ள முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் ஆண்கள் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கிறார்கள். நிலம் குத்தகையில் இருக்கிறது. ‘நாம் உழவர் அல்லரே, இதில் நமக்கு என்ன?’ என்று எண்ணலாகாது. உழுபவனின் துணிவு பாதி நம் கையில் இருக்கிறது.

நம் ஃபிக்ஹு நூல்களில் ‘முஸாரஆ’ என்று ஓர் அத்தியாயம் உண்டு. நிலத்தைப் பங்கு விளைச்சலுக்குக் கொடுப்பது பற்றிய சட்டம் அது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதனை அனுமதிக்கவில்லை. அவர்களின் மாணவர் இருவரும் அனுமதித்தார்கள். கைபர் நிலங்களை விளைச்சலில் பாதிக்கு விட்ட நபிவழி சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது. ராஃபிஃ இப்னு கதீஜ் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் செய்தி இங்கே கருதத்தக்கது. வாய்க்கால் ஓரத்து விளைச்சல் எனக்கு, மற்றது உனக்கு என்று நிலக்காரர் நிபந்தனை போடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. ஓர் இடம் விளைந்து மற்ற இடம் அழியுமானால் ஒருவர் நிறைவார், மற்றவர் வெறுங்கையோடு நிற்பார். ஆகவே அது தடுக்கப்பட்டது. பணக் குத்தகையைப் பெரும்பான்மை இமாம்கள் ஆகுமென்றே சொல்லியிருக்கிறார்கள்; நான் ஃபத்வா கொடுக்க வரவில்லை. அந்தத் தடையின் உயிர்க்கருத்தை மட்டும் சுட்டுகிறேன்: நல்ல ஓரம் ஒருவருக்கும் அழிவு மற்றவருக்கும் என்று ஒதுக்கிவிடலாகாது.

இன்று அந்த வாய்க்கால் ஓரம் காகிதத்தில் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கவும், வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணமோ காப்பீடோ பெறவும், மானிய விலையில் விதையும் கருவியும் வாங்கவும் சிட்டா, அடங்கல் போன்ற நில ஆவணங்கள் வேண்டியிருக்கின்றன. 2019 முதல் நடுவண் அரசு ஆண்டுக்கு 6000 ரூபாய் தரும் உதவியும் நிலம் யார் பெயரில் உள்ளதோ அவருக்கே. உழுபவரிடம் பல வேளைகளில் வாய்ப்பேச்சைத் தவிர ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால், எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சத்தால் நிலக்காரர் பலர் கையொப்பமிடுவதில்லை. 1955ஆம் ஆண்டின் சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற விடாது என்பதால் எழுந்த அச்சம் அது. அதை நான் ஏளனம் செய்யவில்லை. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த சொத்தாகவும் அது இருக்கலாம். ஆயினும் அதன் விலையை யார் கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். கடன் கிடைக்காமல் வட்டிக்காரரிடம் போகிறவனும், காப்பீடு இல்லாமல் மழையைப் பார்த்து நிற்கிறவனும் புதிய நெல்லையோ புதிய முறையையோ எந்தத் துணிவில் தொடுவான்?

ஆகவே, விளக்கக் கூட்டமும் வானொலியும் கைப்பேசிச் செய்தியும் காதுக்கு உதவும். பக்கத்து வயல் கண்ணுக்கு உதவும். குதிருக்கு உதவ நிலக்காரரால் முடியும். வெள்ளம் வந்த ஆண்டில் குத்தகையைக் குறைப்பது, புதிய முறைக்கு ஒரு மாவையாவது பங்கு முறையில் விடுவது, காப்பீட்டுக்கு வேண்டிய சான்றில் ஒப்பமிடுவது, நிவாரணத் தொகை நம் கணக்கில் விழுந்தால் அதை உழுதவரிடம் சேர்ப்பது ஆகிய இவற்றுக்குப் பெரிய செல்வம் தேவையில்லை. நீதி உணர்வு இருந்தால் போதும்.

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும்போது ஓரிடத்தில் நான் எப்போதும் நிறுத்தி விளக்குவேன். ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமித்து வைக்குமாறு அவர்கள் எகிப்து நாட்டுக்கு வழி சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை, களஞ்சியங்களின் பொறுப்பையும் தாமே கேட்டு ஏற்றார்கள். புதிய வழியைச் சொல்பவரும், அதன் பலனில் பங்கு பெறுபவரும் அதன் சுமையிலும் ஒரு கை கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுப்பவர் இருக்கும் ஊரில் உழவன் தயங்கமாட்டான்.