அப்பா கட்டிய ஊர்

"அந்த வீட்ல இருந்த சனமெல்லாம் எங்க போச்சு, பாப்பா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பசியாறிவிட்டு, ஈப்போவில் எங்கள் தாமான் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து கைப்பேசியில் நகரம் கட்டிக்கொண்டிருந்தேன். சாலை நேராகப் போக வேண்டும்; குறுக்கே ஆறேழு சின்ன வீடுகள். புல்டோசர் படத்தைத் தொட்டேன். வீடுகள் மறைந்தன. பக்கத்தில் கோப்பி ஆற்றிக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி அது.

"விளையாட்டுதானேப்பா. வேற வீடு வந்துரும்" என்றேன்.

அப்பா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கோப்பியைக் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்பா பிறந்து வளர்ந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறி மரங்களைச் சாய்த்தபோது லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். அப்போது எனக்கு நான்கு வயது. லோரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்த நாளைப் பற்றி அப்பா வீட்டில் பேசியதே இல்லை.

எனக்கு இந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது 2020 மார்ச்சில். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டில் முடங்கிய நேரம். இலவசம் என்று போட்டிருந்த ஒரு நகர விளையாட்டைப் பதிவிறக்கம் செய்தேன். பெயர் வேண்டாம். முதல் வாரம் தேன் மாதிரி இருந்தது. பிறகு ஒரு பள்ளிக்கூடம் கட்டி முடிய எட்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னது. காத்திருக்க மனமில்லையா, நாலு ரிங்கிட் தொண்ணூறு காசு கொடு, உடனே முடித்துத் தருகிறேன் என்றது. கொடுத்தேன். அடுத்து மருத்துவமனை, அடுத்து பாலம். மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தால் 386 ரிங்கிட்! அலுவலகத்தில் அடுத்தவர் கணக்கைச் சரிபார்ப்பதுதான் என் வேலை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

இதில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கைப்பேசி 'டிங்' என்று அழைக்கும். உற்பத்தி தயார், வந்து எடுத்துக்கொள் என்று அர்த்தம். அப்பா சிரித்தார். "என்ன, பெரட்டுக்குக் கூப்பிடுதா?"

தோட்டத்தில் பெரட்டு என்றால் தெரியும்தானே? இருட்டு விலகும் முன்னே களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுப்பது. பணம் போன விஷயத்தைச் சொன்னபோது அதற்கும் அவரிடம் ஒரு பெயர் இருந்தது: "கடைக்காரன் 555 கொப்பி. வாங்கும்போது சின்னதாத்தான் தெரியும். சம்பளத்தன்னிக்குத்தான் கனக்கும்."

அந்த இரண்டு வாக்கியங்களிலிருந்துதான் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொண்டேன்.

முதலில், கடிகாரம் யார் கையில் என்று பாருங்கள். நாம் நினைத்தபோது திறந்து, நினைத்தபோது மூடக்கூடியதா, இல்லை அது நம்மை அழைக்கிறதா? அழைத்தால், அறிவிப்புகளை முதல் நாளே அணைத்துவிடுங்கள். இரண்டாவது, பணம். பதிவிறக்கும் பக்கத்திலேயே 'செயலிக்குள் வாங்கும் வசதி உண்டு' என்ற குறிப்பு இருக்கும். பிள்ளைகள் கையில் போகும் கைப்பேசி என்றால், கடவுச்சொல் இல்லாமல் எதுவும் வாங்க முடியாதபடி அமைத்துவிடுங்கள். மூன்றாவது, இணையம் இல்லாமல் ஓடுமா? விமானப் பயன்முறையில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நான்காவது முக்கியமானது. நாம் செய்யும் தவற்றுக்கு அந்த நகரம் பதில் சொல்லுமா? தொழிற்சாலையை வீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆட்கள் முகம் சுளிக்க வேண்டும். தீயணைப்பு நிலையத்தை மறந்தால் வீடு எரிய வேண்டும். 1892-ல் எரிந்த பிறகுதானே நம் ஈப்போ பழைய பட்டணமே நேர் நேர் தெருக்களாக எழுந்தது!

இந்த அளவுகோலில் எனக்குப் பிடித்தது 2018-ல் வந்த 'பாக்கெட் சிட்டி'. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினால் போதும். பிறகு கை நீட்டாது. இணையமும் வேண்டாம். மின்சாரம், தண்ணீர், குப்பை என்று நுணுக்கமாகக் கணக்குப் போட ஆசைப்படுபவர்களுக்கு 'தியோடவுன்'. படங்கள் பழைய காலத்துக் கணினி விளையாட்டு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும், விஷயம் ஆழம். அறுவடை செய்து ஊரையும் வளர்க்க 'டவுன்ஷிப்', பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கண்ணுக்கு அழகு 2014-ல் வந்த 'சிம்சிட்டி பில்ட்இட்'. ஆனால் ஆணி, பலகை என்று ஒவ்வொன்றையும் தயாரித்துக் காத்திருக்கும் பொறுமை வேண்டும், இணையமும் வேண்டும்.

இந்த வகைக்கெல்லாம் மூத்தது 1989-ல் வில் ரைட் உருவாக்கிய 'சிம்சிட்டி'. அதற்கு முன் அவர் செய்தது ஹெலிகாப்டரில் பறந்து குண்டு போடும் விளையாட்டு. குண்டு போடுவதைவிட, குண்டு போடுவதற்காகத் தீவுகளை வரைந்துகொண்டிருந்ததுதான் அவருக்கு இன்பமாக இருந்ததாம். வெற்றியும் தோல்வியும் இல்லாத விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று பதிப்பாளர்கள் தயங்கினார்கள்.

அப்பாவின் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அடுத்த ஞாயிறு, 'பாக்கெட் சிட்டி'யைப் பெரிய திரையுள்ள டேப்லெட்டில் போட்டு, காசுக் கவலை இல்லாமல் கட்டும் வசதியையும் திறந்து அவர் மடியில் வைத்தேன். "நீங்க ஒரு ஊர் கட்டுங்கப்பா."

முதலில் கூச்சப்பட்டார். ஊருக்குப் பெயர் கேட்டது. தோட்டத்தின் பெயரைச் சொன்னார், நான் தட்டினேன். பிறகு விரல் தானாக நகர்ந்தது. ஆற்றோரம் பால் ஸ்டோர். அதிலிருந்து ஒரு சாலை. சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாக லயம். "இதுல கடைசி வீடு நம்ம வீடு. அந்தப் பக்கம் ஆயாக்கொட்டகை. உன்ன அங்கதான் விட்டுட்டு அம்மா வேலைக்குப் போவா." எனக்குத் தெரியாத கதைகள் ஒவ்வொரு வீடாக வந்தன. யார் வீட்டில் முதல் தொலைக்காட்சிப் பெட்டி வந்தது, யார் வீட்டுப் பையன் பள்ளிக்கு ஆறு மைல் சைக்கிள் மிதித்தான்.

"கோயில் எங்க இருக்கு?" என்றார். கட்டடப் பட்டியலில் தேடினேன், இல்லை.

"கோயில் இல்லாம சனம் எப்படி இருக்கும்?"

பத்து காஜா பக்கம் கெல்லி மாளிகைக்குப் போனவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டு அதைக் கட்டியவர் ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித். கொள்ளை நோயில் ஆட்கள் மடிந்தபோது, மிச்சமிருந்தவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் கேட்டார்கள். அவர் கட்டிக் கொடுத்தார் என்பார்கள். 1926-ல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை இன்றுவரை முடியவில்லை. கோயிலில் பூசை நடக்கிறது. நாங்கள் ஒரு பூங்காவை வைத்து, அதுதான் மாரியம்மன் கோயில் என்று முடிவு செய்தோம்.

ஒரு மூலை காலியாக இருந்தது. அதுதான் மேடு என்றார் அப்பா.

"துரை பங்களாவ அங்க வைக்கவாப்பா?"

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"பங்களா வேணாம். பள்ளிக்கூடத்த வை."

அன்று இரவுதான் முதல்முறையாக அந்தக் கடைசி நாளைப் பற்றிச் சொன்னார். வீட்டைக் கட்டியது கம்பெனி, நிலம் கம்பெனியுடையது, மூன்று தலைமுறை குடியிருந்தவனுக்குக் கையில் ஒரு தாளும் இல்லை என்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான் என்றார். தொழிலாளிகள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். தாத்தாவும் பங்கு போட்டிருக்கிறார். "ஆனா எங்க தோட்டம் அதுல வரல" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் தோட்டத்தில் வளர்ந்த ஒருவர் இருந்தால், அடுத்த முறை நகரம் கட்டும்போது கைப்பேசியை அவரிடம் கொடுத்துப் பாருங்கள். "உங்கள் காலத்தில் எப்படி?" என்று கேட்டால் வராத பதில், "இந்த வீட்டை எங்கே வைக்கலாம்?" என்றால் வந்துவிடுகிறது.

அப்பாவின் ஊர் இப்போது வளர்ந்துவிட்டது. லயத்து நடுச்சாலையில் எந்நேரமும் நெரிசல். போன ஞாயிறு ஒரு யோசனை சொன்னேன்: "இந்த அஞ்சு வீட்ட எடுத்துட்டா ரோடு நேராப் போயிரும்ப்பா."

அப்பா என் விரலைத் தள்ளிவிட்டார். லயத்துக்குப் பின்னாலிருந்த காலி இடத்தில் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, ஊரைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு சாலையைப் போட்டார். அரை மணி நேரம் ஆனது.

"ரோடு சுத்திப் போகட்டும். அதுக்கென்ன அவசரம்" என்றார்.