விநாடிக்கு ஐந்து தாவல்

காட்பாடியில் ரயிலேறிச் சித்தூரில் இறங்கியபோது சட்டைப்பையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தது. சோவியத் காலத்து அகாத். ஸ்லாத்தவுஸ்த் தொழிற்சாலையில் செய்தது. பழைய சாமான் கடையில் வாங்கினேன். ஓடும், நிற்கும். பூஜ்யத்துக்குத் திருப்பினால் மட்டும் மூன்றில் போய் நின்றுகொள்ளும்.

ஒரு மேசை, ஒரு கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. பெரியவர் முதலில் அதைக் காதில் வைத்துப் பார்த்தார். “ஓட்டம் நல்லா கீது சார். முள்ளுதான் லூஸு.” எனக்குத் தமிழ், பக்கத்தில் நின்றவருக்குத் தெலுங்கு, கை எதற்கும் நிற்கவில்லை.

பின்மூடியைத் திறந்து, கண்ணில் மாட்டியிருந்த லென்சைக் கழற்றி என்னிடம் தந்தார். முள்ளின் அச்சில் இதய வடிவில் சின்னத் தகடு. குமிழை அமுக்கினால் ஒரு சுத்தியல் அதன்மேல் விழும். முள் எங்கே நின்றிருந்தாலும் சரி, தகடு சறுக்கிச் சுழன்று தன் பள்ளத்தில் வந்து அமரும். முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். 1844-இல் அடோல்ஃப் நிக்கோல் காப்புரிமை பெற்ற உபாயம். பேட்டரி எதுவும் இல்லாமல் இன்றைக்கும் வேலை செய்கிறது.

“சும்மா சும்மா அமுக்கிக்கினு இருந்திருப்பாங்க. ஒவ்வொரு அடிக்கும் முள்ளு அதிரும் இல்ல?” முன்கண்ணாடியை எடுத்து, முள்ளை நெம்பி, பூஜ்யத்துக்கு நேரே வைத்து அழுத்தினார். எடுத்துவைக்கும்போது கீ முழுக்க இறங்க ஓடவிட்டு வைக்கச் சொன்னார். ஸ்பிரிங் இறுகியே கிடக்கக் கூடாதாம்.

திருமலை உண்டியலில் விழும் கைக்கடிகாரங்களைத் தேவஸ்தானம் லாட் லாட்டாக ஏலம் விடுவதுண்டு. அதில் ஸ்டாப்வாட்ச் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “ஸ்கூல் சாமானை எந்த வாத்தியார் சார் உண்டியல்ல போடுவாரு?”

பாகாலா வழியே திருப்பதிக்குப் போகும்போது அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். மணிக்கு 18,000 துடிப்பு. அதாவது விநாடிக்கு ஐந்து. முள் வழுக்கிப் போவதில்லை, தாவுகிறது. 1960 ரோம் ஒலிம்பிக் 400 மீட்டரில் மில்கா சிங் 45.6, மூன்றாவதாக வந்த மால்கம் ஸ்பென்ஸ் 45.5. என் கடிகாரத்தில் 45.4 உண்டு, 45.6 உண்டு, ஸ்பென்ஸுக்கு இடமே இல்லை. 1932 லாஸ் ஏஞ்சலஸுக்கு ஒமேகா கொண்டுபோன 30 கடிகாரங்கள் பத்தில் ஒரு பங்கு காட்டுபவை. 52 ஆண்டு கழித்து அதே ஊரில் பி.டி. உஷா வெண்கலத்தை இழந்தது நூற்றில் ஒரு பங்கில். அது கேமராவின் கணக்கு, கட்டைவிரலுக்கு எட்டாது.

மாலையில் திருப்பதி மைதானம் ஒன்றில் பையன்கள் 100 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தார்கள். தொடக்கக் கோட்டில் நின்றவர் கையை வீசி இறக்கினார். விசில் என்றால் சத்தம் முடிவுக் கோட்டில் நிற்கும் நம்மிடம் வந்துசேரவே கிட்டத்தட்ட 0.3 விநாடி, என் முள் அதற்குள் ஒரு தாவல் தாவியிருக்கும். துப்பாக்கி சுட்டுத் தொடங்கும் ஓட்டங்களிலும் காதை நம்பாமல் புகையைப் பார்த்துத்தான் அமுக்குவார்கள்.

ஒரு பையன் ஓடி முடித்தபோது பயிற்சியாளரின் டிஜிட்டலில் 12.31. என்னுடையதில் பன்னிரண்டைத் தாண்டி இரண்டாவது கோடு, 12.4. கையால் அளந்ததை அடுத்த பத்தில் ஒரு பங்குக்கு ஏற்றி எழுத வேண்டும் என்பது தடகள விதி. அப்படிப் பார்த்தால் அவருடையதும் 12.4தான். சொன்னேன். பையன் தலையாட்டிவிட்டு, நோட்டில் 12.31 என்று எழுதிக்கொண்டான்.